ஒன்றைத் தொட்டால் அந்த ஒன்று மட்டும் மாற: விஷுவல் சிஎஸ்எஸ் எடிட்டரில் எலிமென்ட்டைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஏற்காட்டில் என் தாய்மாமா வீட்டோடு சேர்ந்த நான்கு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். கூடவே தோட்டத்துக் காபிக்கொட்டை, மிளகு விற்பனையும் உண்டு. அதற்கான வேர்ட்பிரஸ் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் என்னிடம் வந்தது. நான் பி.காம். படித்தவள். கோடு எழுதிப் பழக்கமில்லை. விஷுவல் சிஎஸ்எஸ் எடிட்டர் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸை நமக்காக எழுதித் தரும் கருவி) ஒன்றைப் போட்டுக்கொள், எதைக் கிளிக் செய்கிறாயோ அதன் நிறம், அளவு எல்லாம் மாற்றலாம் என்றார்கள். போட்டுக்கொண்டேன்.

மே மாதம், கோடை விழா நடக்கும் சமயம். ஒவ்வொரு அறைக்கும் கீழே தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு) தானாகப் போட்டிருந்த ‘மேலும் படிக்க’ பட்டன் எங்களுக்குத் தேவையில்லை. அதைக் கிளிக் செய்து, மறைக்கும் குறியை அழுத்தி, சேமித்தேன். கம்ப்யூட்டரில் அழகாக மறைந்தது. நான்கு நாள் கழித்து மாமா கூப்பிட்டார். “ஏங்கண்ணு, போனே வரமாட்டேங்குது. வந்து இறங்கினவங்க, சைட்ல நம்பரே இல்லைன்னு சொல்றாங்க.” கைபேசியில் மட்டும் தெரியும் ‘இப்போதே அழைக்க’ பட்டனும் அதே கிளாஸில், அதாவது ஒரே வகையானவற்றுக்குப் பொதுவாக வைக்கும் பெயரில், இருந்தது. நான் ஒரு பட்டனை மறைத்ததாக நினைத்தேன். தளம் முழுக்க அந்த வகைப் பட்டன்கள் எல்லாம் போய்விட்டன. வருடத்தில் அறைகள் நிறையும் வாரத்தில் இரண்டு அறை காலியாகக் கிடந்தது.

நிறமும் அளவும் மாற்றுவது இந்த எடிட்டர்களில் உண்மையிலேயே சுலபம். நாம் கிளிக் செய்ததற்கு எடிட்டர் என்ன செலக்டர் (பக்கத்தின் எந்தப் பகுதிகள், அதாவது எலிமென்ட்டுகள், மாற வேண்டும் என்று சுட்டும் குறிப்பு) எழுதியது, அது எவ்வளவு தூரம் பாய்கிறது என்று பார்ப்பதுதான் வேலையே. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கு இரண்டு மாலைப் பொழுது போதும்.

ஒரு விஷயம்: செலக்டர் பெயர்களை வாசிக்க வசதியாக இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரமுள்ள லாகின். ‘எடிட்டர்’ என்ற பொறுப்பில் லாகின் கொடுத்திருந்தால் கட்டுரை எழுதலாம், படம் ஏற்றலாம். ஆனால் தோற்றத்தை மாற்றும் கஸ்டமைசர் வராது. எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது அதுதான். மெனு ஏன் குறைவாக இருக்கிறது என்று தேடியே ஐந்து நாள் போனது. முதலில் யூசர்ஸ் பகுதியில் உங்கள் பெயருக்கு நேரே என்ன பொறுப்பு போட்டிருக்கிறது என்று, தளத்தைச் செய்துகொடுத்தவரிடமே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஹோஸ்டிங் கணக்கின் லாகின், அன்றைய தேதியில் எடுத்த ஒரு முழு பேக்கப். சிஎஸ்எஸ் மாற்றத்தால் தளத்தின் எழுத்தும் படமும் அழியாது. ஆனால் எடிட்டர் பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றைப் புதிதாக நிறுவப் போகிறீர்கள், அதற்காகத்தான் பேக்கப்.

மூன்றாவது, ஏற்கெனவே யாராவது எழுதிவைத்த கஸ்டம் சிஎஸ்எஸ் இருந்தால் அதன் முழு நகல். நோட்பேடில் ஒட்டி, தேதி போட்டு வையுங்கள்.

நான்காவது, மாற்ற வேண்டியவற்றின் பட்டியல். இதைத் தாளில் எழுதுங்கள், ஒரு வரிக்கு ஒன்று. மாமா என்னிடம் சொன்னது, “எழுத்தெல்லாம் கொஞ்சம் பெருசு பண்ணு கண்ணு.” இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அறையின் பெயரா, வாடகையா, எல்லா எழுத்துமா? ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: ‘தளம் முழுக்க’, ‘இந்தப் பக்கம் மட்டும்’, ‘இந்த ஒன்று மட்டும்’. பின்னால் செலக்டரைத் தீர்மானிக்கப் போவது இந்த மூன்று சொற்கள்தான்.

கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் இப்போது பக்கங்கள் எப்படி இருக்கின்றன என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது ஐந்து நிமிட வேலை. செய்துவிடுங்கள்.

2. எந்த எடிட்டர், என்ன செலவு, எப்போது செய்வது

காசு கொடுக்காமலே தொடங்கலாம். சைட்ஆரிஜின் சிஎஸ்எஸ் என்ற பிளகின் வேர்ட்பிரஸ் பிளகின் பட்டியலில் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவியதும் அப்பியரன்ஸ் மெனுவில் கஸ்டம் சிஎஸ்எஸ் என்று வரும். அதில் கண் வடிவக் குறியை அழுத்தினால் உங்கள் பக்கம் திறக்கும், கிளிக் செய்து தேர்ந்தெடுக்கலாம். எல்லோ பென்சிலுக்கும் வசதி குறைந்த இலவசப் பதிப்பு உண்டு. சிஎஸ்எஸ் ஹீரோ போன்றவை கட்டணம் கட்டி வாங்குபவை. என் கருத்து, முதல் மாதம் இலவசத்திலேயே பழகுங்கள். காசு கொடுத்து வாங்கும் எடிட்டரும் செலக்டரைத் தவறாகவே ஊகிக்கும். அதைத் திருத்தத் தெரியாதவரை வாங்கிப் பயனில்லை.

வாங்குவதாக இருந்தால் இவற்றைக் கவனியுங்கள். விலை பெரும்பாலும் டாலரில் இருக்கும். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரலாம். வங்கியும் அந்நியச் செலாவணிக்கென்று தன் பங்கைச் சேர்க்கும், பல வங்கிகளில் 2 முதல் 3.5 சதவீதம். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் போய் நீங்களே திறக்க வேண்டும். வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள். ஆண்டுச் சந்தா என்றால் புதுப்பிப்புத் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். தானாகப் பணம் போகும் என்று நம்பி இருந்தால் கூடுதல் அனுமதி கேட்டு அது நின்றுபோக வாய்ப்புண்டு. பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி எழுத்தில் கேளுங்கள்: சந்தா முடிந்தாலோ பிளகினை நிறுத்தினாலோ நான் எழுதிய ரூல்கள் தளத்தில் தங்குமா? (ரூல் என்றால், செலக்டரும் அதற்குச் சொன்ன மாற்றமும் சேர்ந்த கட்டளை.)

நேரத்தைப் பொறுத்தவரை, விருந்தினர் வரும் தொழில் என்றால் வெள்ளி முதல் ஞாயிறு வரை தொடாதீர்கள். செவ்வாய், புதன் காலையில் செய்யுங்கள். ஏற்காட்டில் உட்கார்ந்து செய்பவர்கள் மின்தடை அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிச் சேமிப்பில் நெட் போனால் எது பதிவானது, எது ஆகவில்லை என்பதே குழப்பமாகிவிடும். நான் இப்போதெல்லாம் மலைக்குப் போகும்போது லேப்டாப்பைத் திறப்பதே இல்லை. வேலையை அம்மாபேட்டையிலேயே முடித்துவிட்டு, மேலே போய் மாமாவின் கைபேசியில் சரிபார்ப்பதோடு சரி.

3. கிளிக் செய்ததும் கையை எடுத்துவிட்டு, எழுதியிருப்பதைப் படியுங்கள்

எடிட்டரில் சுட்டியை நகர்த்தினால் பக்கத்தில் ஒவ்வொரு பெட்டியாக நிறம் மாறும். கிளிக் செய்தால் ஒன்று நிலைத்து நிற்கும். பெரும்பாலும் அது நீங்கள் நினைத்தது இல்லை.

எங்கள் தளத்தில் ‘ரூ. 2,800’ என்ற வாடகை எழுத்தைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஓர் எழுத்துத் துண்டு. உள்ளே அது ஒரு ஸ்பான் (வரிக்குள் ஒரு சிறு துண்டு), அதைச் சுற்றி ஒரு பாரா, அதைச் சுற்றி அறையின் பெட்டி, அதைச் சுற்றி நான்கு அறைகளும் உள்ள வரிசை. எண்ணின் மேல் கிளிக் செய்தால் ஸ்பான் சிக்கும். எண்ணுக்கும் ஓரத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் கிளிக் செய்தால் பெட்டி சிக்கும். முதலில் பின்னணி நிறம் கொடுத்தபோது எண்ணுக்குப் பின்னால் மட்டும் ஒரு மஞ்சள் பட்டை வந்தது. எனக்குத் தேவைப்பட்டது முழுப் பெட்டிக்கும் மஞ்சள்.

பெரும்பாலான எடிட்டர்களில் திரையின் கீழோ பக்கவாட்டிலோ, உள்ளேயிருந்து வெளியே போகும் இந்தப் பெட்டிகளின் வரிசை ஒரு பாதையாகக் காட்டப்படும். ஒவ்வொன்றின் மேலும் சுட்டியைக் கொண்டுபோனால் பக்கத்தில் அந்தப் பகுதி ஒளிரும். வேண்டியது ஒளிரும்வரை படிப்படியாக வெளியே போங்கள். கிளிக்கை நம்பாமல் இந்தப் பாதையை நம்பினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

எடிட்டர் தடுமாறினால் குரோமிலேயே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தி எலிமென்ட்டைத் தொடுங்கள். வலப்பக்கம் அதற்குப் பொருந்தும் ரூல்கள் எல்லாம் வரிசையாக வரும், எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்பது உட்பட. இதில் நீங்கள் செய்யும் மாற்றம் எதுவும் தளத்தில் பதிவாகாது, பக்கத்தை ரீலோட் செய்தால் போய்விடும். பயமில்லாமல் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

4. எத்தனை இடத்தில் பொருந்துகிறது என்று எண்ணுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் அன்றைக்குச் செய்திருந்தால் மாமாவின் போன் நின்றிருக்காது.

எடிட்டர் தரும் செலக்டரைக் காப்பி செய்யுங்கள். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தினால் திறக்கும் எலிமென்ட்ஸ் பகுதிக்குள் கிளிக் செய்துவிட்டு கன்ட்ரோலும் எஃப்-உம் அழுத்தினால் கீழே ஒரு தேடல் பெட்டி வரும். அதில் செலக்டரை ஒட்டுங்கள். பக்கத்தில் அது எத்தனை இடத்தில் பொருந்துகிறதோ, அந்த எண்ணிக்கை ஓரத்தில் வரும். அம்பை அழுத்தினால் ஒவ்வொன்றாகக் காட்டும். ஃபயர்ஃபாக்ஸில் இன்னும் சுலபம்: ரூல்ஸ் பகுதியில் செலக்டருக்குப் பக்கத்திலுள்ள சிறு குறியைத் தொட்டால் பொருந்துபவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒளிரும்.

என் ‘மேலும் படிக்க’ பட்டனுக்கு எடிட்டர் கொடுத்த செலக்டரைப் பின்னால் இப்படி எண்ணிப் பார்த்தேன். முகப்புப் பக்கத்தில் 7. நான்கு அறைப் பட்டன்கள், காபிக்கு ஒன்று, மிளகுக்கு ஒன்று, கடைசியாக அந்த அழைப்புப் பட்டன். நான் எதிர்பார்த்தது 4.

எதிர்பார்க்கும் எண்ணை முதலில் தாளில் எழுதிவிட்டு அப்புறம் எண்ணுங்கள். எண் கூடினால் செலக்டர் அகலம். குறைந்தால் செலக்டர் எதையோ விட்டுவிட்டது. இந்தத் தேடல் திறந்திருக்கும் பக்கத்தை மட்டுமே எண்ணும் என்பதால், முகப்பு, அறைப் பக்கம், தொடர்புப் பக்கம் மூன்றிலாவது செய்யுங்கள்.

5. செலக்டரில் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது

எடிட்டர் ஊகித்துத் தரும் செலக்டர் ஒன்று மிக அகலமாக இருக்கும், அல்லது மிக நீளமாக இருக்கும். பாதுகாப்பாக நடுவில் நிற்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளமானதற்கு ஓர் உதாரணம்:

பாடி.லாக்டு-இன் .என்ட்ரி-கன்டென்ட் > டிவ்:என்த்-சைல்ட்(3) > பி > ஸ்பான்

டிவ் என்றால் பெட்டி, பி என்றால் பாரா. இதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன.

முதலாவது லாக்டு-இன். நீங்கள் அட்மினாக உள்ளே நுழைந்திருக்கும்போது வேர்ட்பிரஸ் பாடி டேக்கில் (பக்கம் முழுவதையும் சுற்றியிருக்கும் ஹெச்டிஎம்எல் குறியில்) இந்தக் கிளாஸைச் சேர்க்கிறது. எடிட்டர் அதையும் பிடித்துக்கொண்டால், மாற்றம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வெளியிலிருந்து வருபவர் பார்ப்பது பழைய பக்கத்தை. அட்மின்-பார் என்ற கிளாஸுக்கும் இதே கதை. இவை இரண்டும் செலக்டரில் வந்தால் கேள்வி கேட்காமல் வெட்டுங்கள்.

இரண்டாவது என்த்-சைல்ட். ‘மூன்றாவதாக வருவது’ என்று பொருள். பஸ்ஸில் மூன்றாவது சீட்டில் இருப்பவருக்கு டிபன் கொடுக்கச் சொல்வதைப் போன்றது இது. ஆள் மாறி உட்கார்ந்தால் டிபன் அவருக்குப் போகும். நீங்கள் அறைகளுக்கு மேலே ஓர் அறிவிப்பைச் சேர்த்த அன்றே மூன்றாவது நான்காவதாகிவிடும், மஞ்சள் வேறு பெட்டிக்குப் போய்விடும். ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு நிறம் கொடுக்கும் அட்டவணை போன்ற இடங்களில் அது சரி. குறிப்பிட்ட ஒரு பொருளைச் சுட்ட வேண்டாம்.

வெட்ட வேண்டிய இன்னொரு வகை, பொருளில்லாத எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள். வேர்ட்பிரஸ் பிளாக்குகளில் (பாரா, படம் என்று பக்கத்தை அடுக்கும் துண்டுகளில்) ‘டபிள்யூபி-கன்டெய்னர்’ என்று தொடங்கி எண்ணில் முடியும் கிளாஸ்கள் தானாக உருவாகுபவை. பக்கத்தைத் திருத்தினால் எண் மாறலாம். எலிமென்டர் என்ற பக்க வடிவமைப்பு பிளகின் ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் தரும் அடையாளம் அப்படி அடிக்கடி மாறாது. ஆனால் அந்தப் பகுதியை அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தால் புது அடையாளம் வரும், பழைய ரூல் அனாதையாகிவிடும்.

வைத்துக்கொள்ள வேண்டியவை, பாடி டேக்கில் வேர்ட்பிரஸ் எழுதும் பக்க அடையாளங்கள். முகப்புக்கு ஹோம், தனிப் பக்கத்துக்கு பேஜ்-ஐடி-27 என்பது போல. ‘இந்தப் பக்கம் மட்டும்’ என்று பட்டியலில் எழுதியவற்றுக்கு இதுதான் மருந்து. செலக்டருக்கு முன்னால் .பேஜ்-ஐடி-27 என்று போட்டு, ஓர் இடைவெளி விட்டு மற்றதை எழுதினால் ரூல் அந்தப் பக்கத்தைத் தாண்டாது. அந்த இடைவெளிக்குப் பொருள் உண்டு: ‘இதற்குள் இருக்கும்’ என்பது. இடைவெளி இல்லாமல் இரண்டு கிளாஸைச் சேர்த்து எழுதினால் ‘இரண்டும் ஒன்றாக உள்ள’ என்று ஆகிவிடும். ஒரு ஸ்பேஸ் பாரால் ஒரு மாலை முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

6. முடிந்த இடத்திலெல்லாம் நீங்களே ஒரு கிளாஸ் வையுங்கள்

‘இந்த ஒன்று மட்டும்’ என்ற வகைக்கு எடிட்டரின் ஊகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. வேர்ட்பிரஸில் அந்த பிளாக்கைத் தேர்ந்தெடுத்தால் வலப்பக்க அமைப்புகளில், அட்வான்ஸ்டு என்பதன் கீழே, கூடுதல் சிஎஸ்எஸ் கிளாஸ் எழுத ஒரு கட்டம் இருக்கும். பிளாக் அந்த இடத்திலிருந்து எங்கே நகர்ந்தாலும் அந்தப் பெயர் கூடவே போகும்.

எங்கள் தளத்தில் வாடகைப் பெட்டிகளுக்கு ‘ஏற்காடு-வாடகை’ என்று வைத்திருக்கிறேன். முன்னால் ஊர்ப் பெயர் சேர்த்ததற்குக் காரணம், வெறும் ‘பிரைஸ்’ என்று வைத்தால் தீமிலோ வேறு பிளகினிலோ அதே பெயர் இருக்கக்கூடும். மோதினால் உங்கள் ரூல் அவர்கள் பெட்டிக்கும் பாயும்.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள்:

கட்டத்துக்குள் பெயருக்கு முன் புள்ளி வைக்கக் கூடாது. சிஎஸ்எஸ் ரூலில் புள்ளி கட்டாயம் வேண்டும். நான் இரண்டையும் மாற்றிச் செய்தேன்.

பெயருக்குள் ஸ்பேஸ் விட்டால் அது இரண்டு கிளாஸாகிவிடும். இடையில் ஹைஃபன் போடுங்கள்.

பெயரை எண்ணில் தொடங்காதீர்கள். ‘2-ரூம்’ என்று வைத்தால் ரூலில் அது நேரடியாக வேலை செய்யாது. ‘ரூம்-2’ சரி.

பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு பெயராகக் கொள்ளப்படும். எப்போதும் சிறிய எழுத்து என்று பழகிவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

பெயர் வைத்துச் சேமித்த பிறகு எடிட்டரைத் திறந்து அதே பெட்டியைக் கிளிக் செய்தால், செலக்டர் பட்டியலில் உங்கள் பெயரும் வந்து நிற்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது எண்ணிப் பாருங்கள், சரியாக 4 வரும். எனக்கு முதன்முதலாக அந்த 4 வந்தபோதுதான் இந்த வேலையில் பிடி கிடைத்தது.

7. ரூல் எழுதியும் மாறவில்லையா?

பதற்றத்தில் எல்லோரும் செய்வது, ரூலின் கடைசியில் ‘!இம்பார்ட்டன்ட்’ (மற்ற ரூல்களை மீறச் சொல்லும் சொல்) போடுவது. சில எடிட்டர்களில் அதற்கு ஒரு பட்டனே இருக்கிறது. அதைத் தொடும் முன் காரணத்தைப் பாருங்கள்.

குரோமின் ஸ்டைல்ஸ் பகுதியில் உங்கள் ரூலைத் தேடுங்கள். மூன்று நிலைகள் இருக்கலாம். ரூலே அங்கே இல்லை என்றால் செலக்டர் பொருந்தவில்லை, அல்லது கேச் (வேகத்துக்காகச் சேமித்துவைத்த நகல்) பழைய ஃபைலைத் தருகிறது. ரூல் இருக்கிறது, ஓர் எச்சரிக்கைக் குறியும் இருக்கிறது என்றால் எழுத்துப் பிழை அல்லது தவறான மதிப்பு. அளவு எண்ணுக்குப் பின்னால் பிக்ஸல் என்பதை விட்டிருப்பீர்கள். ரூல் இருக்கிறது, அதன் மேல் கோடு அடித்திருக்கிறது என்றால் வேறொரு ரூல் அதை வென்றுவிட்டது.

வெற்றி தோல்விக் கணக்கு இதுதான். செலக்டரில் உள்ள ஐடிகளை (ஒரே ஓர் எலிமென்ட்டுக்கு வைக்கும் தனிப் பெயர்களை) பிரவுசர் முதலில் எண்ணும். எத்தனை கிளாஸ் இருந்தாலும் ஓர் ஐடியை வெல்ல முடியாது. ஐடி சமமானால் கிளாஸ்களின் எண்ணிக்கை. அதுவும் சமமானால் டிவ், பி போன்ற டேக்குகளின் எண்ணிக்கை. எல்லாம் சமம் என்றால் கடைசியாக வரும் ரூல் ஜெயிக்கும். தீமின் ரூலில் இரண்டு கிளாஸ் இருந்து உங்களுடையதில் ஒன்றுதான் என்றால் தோற்பது இயல்பு. தாய்ப் பெட்டியின் கிளாஸையும் பக்க அடையாளத்தையும் முன்னால் சேர்த்தால் உங்களுக்கு மூன்றாகிவிடும். முடிந்தது வேலை.

இம்பார்ட்டன்ட் தேவைப்படும் இடமும் உண்டு. எலிமென்ட்டிலேயே நேரடியாக ஸ்டைல் எழுதியிருந்தால், அல்லது தீம் தன் ரூலில் ஏற்கெனவே இம்பார்ட்டன்ட் போட்டிருந்தால் வேறு வழியில்லை. மற்ற இடங்களில் போட்டுக்கொண்டே போனால், ஆறு மாதம் கழித்து நீங்களே எழுதும் புது ரூல் உங்கள் பழைய ரூலோடு சண்டை போடும்.

8. கிளிக்குக்குச் சிக்காதவை

சுட்டி மேலே வரும்போது மட்டும் மாறும் நிறம் ஹோவர் நிலை. எடிட்டரில் அதற்குத் தனித் தேர்வு இருக்கும். குரோமில் ஸ்டைல்ஸ் பகுதியின் மேலே உள்ள ‘:ஹோவ்’ பட்டனை அழுத்தி அந்த நிலையை நிறுத்திவைக்கலாம். பட்டியல் வரிகளுக்கு முன்னால் தெரியும் சிறு இலை, அம்பு போன்றவை பெரும்பாலும் ::பிஃபோர், ::ஆஃப்டர் வழியாக வருபவை. அவற்றின் மேல் கிளிக் செய்தால் தாய் எலிமென்ட்தான் சிக்கும். செலக்டரின் கடைசியில் கையால் சேர்க்க வேண்டும்.

ஒட்டிவைத்த வரைபடம், வெளியார் தரும் முன்பதிவுப் படிவம் போன்றவை ஐஃப்ரேமுக்குள் இருக்கும். அவை வேறொரு தளத்திலிருந்து வருபவை. வெளிப் பெட்டியின் அகலம், உயரத்தை மாற்றலாம். உள்ளே உள்ள எழுத்தையும் நிறத்தையும் உங்கள் சிஎஸ்எஸ் தொட முடியாது. படிவத்தைத் தந்தவரின் கணக்கில் ஏதாவது அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் விடாமல் மூன்று இரவு போராடினேன்.

9. கைபேசிக்குத் தனியாக

எங்களைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் வண்டியில் மலையேறிக்கொண்டே கைபேசியில் பார்ப்பவர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள், நடுநடுவே விட்டுவிட்டு வரும் சிக்னல். அவர்களுக்குத் தேவை அழைப்புப் பட்டனும் வழியும்தான்.

எடிட்டரில் கைபேசிக் குறியை முதலில் அழுத்திவிட்டு, பிறகு எலிமென்ட்டைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். அப்போதுதான் ரூல் மீடியா குவெரிக்குள், அதாவது ‘இந்தத் திரை அகலத்தில் மட்டும்’ என்ற நிபந்தனைக்குள், எழுதப்படும். கைபேசிக் காட்சியில் இருந்தாலும் சில எடிட்டர்கள் ரூலைப் பொதுவாகவே எழுதிவிடும். எழுதிய ரூலுக்கு மேலே அகல எல்லை இருக்கிறதா என்று கோடில் பாருங்கள். எலிமென்டரில் எல்லை வழக்கமாக 767 பிக்ஸல். உங்கள் தீம் எந்த எண்ணில் மாறுகிறதோ அதையே நீங்களும் வையுங்கள். இல்லாவிட்டால் இடைப்பட்ட அகலத்தில் இரண்டுங்கெட்டானாக நிற்கும்.

எதையாவது மறைக்கும் ரூல் என்றால் இரண்டு காட்சியிலும் பார்க்காமல் சேமிக்காதீர்கள்.

10. தமிழ் எழுத்து உள்ள தளம் என்றால்

பல தீம்கள் தலைப்புக்கும் பட்டனுக்கும் வரி உயரத்தை 1.2 அளவில் வைத்திருக்கும். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் ரூ, கூ, மூ ஆகியவற்றின் கீழ்ச்சுழி அடுத்த வரியில் இடிக்கும், சில பட்டன்களில் அடிப்பகுதி வெட்டுப்பட்டே தெரியும். எங்கள் ‘ரூ.’ வெறும் ‘ர’ போலத் தெரிந்தது. 1.6 வைத்தபின் சரியானது.

தமிழ், ஆங்கிலம் இரண்டு பதிப்பும் உள்ள தளத்தில் ஆங்கிலப் பக்கம் கெடாமல் தமிழை மட்டும் மாற்ற, ‘:லாங்(டிஏ)’ என்ற செலக்டர் இருக்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல்-இல் குறித்திருந்தால் போதும், அதை முன்னால் சேர்த்து எழுதும் ரூல் தமிழுக்கு மட்டுமே பாயும். இதை எந்த எடிட்டரும் எனக்குத் தானாகக் காட்டவில்லை. கையால்தான் எழுதினேன். இரு ஓரமும் சமமாக நிற்கும் ஜஸ்டிஃபை அமைப்பைக் கைபேசியில் எடுத்துவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நடுவில் பெரிய பெரிய பள்ளம் விழும்.

11. சேமித்த பிறகு

கேச் பிளகின் இருந்தால் அதைக் காலி செய்யுங்கள், ஹோஸ்டிங்கில் கேச் இருந்தால் அதையும். பிறகு இன்காக்னிட்டோ ஜன்னலில், லாகின் இல்லாமல், எல்லாப் பக்கமும் ஒரு சுற்று. அதன் பின் வேறொருவர் கைபேசியில். நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, “அக்கா, இதுல எப்படிப் போன் பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பேன். அவர் விரல் எங்கே போகிறது என்று பார்ப்பேன்.

ரூல்களுக்கு மேலே, சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு, இது எதற்கு, எந்தத் தேதி என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தக் குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம். ‘மே 14: நான்கு அறைக்கும் மேலும் படிக்க பட்டன் மறைப்பு. அழைப்புப் பட்டனைத் தொடக் கூடாது’ என்று எங்கள் ஃபைலில் இருக்கிறது.

மொத்த சிஎஸ்எஸ்ஸையும் நோட்பேடில் நகலெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸின் சொந்த அடிஷனல் சிஎஸ்எஸ் கட்டத்தில் எழுதியது தீமோடு சேர்த்துத்தான் சேமிக்கப்படுகிறது. தீமை மாற்றினால் கட்டம் காலியாகத் தெரியும், பழைய தீமுக்குத் திரும்பினால் மறுபடி வரும். தீமின் ஸ்டைல் ஃபைலை நேரடியாகத் திருத்தியிருந்தால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் போய்விடும், அங்கே எழுதவே எழுதாதீர்கள்.

தீம் அப்டேட் வந்த நாளில் பட்டியலை எடுத்து ஒவ்வொரு செலக்டரையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் 0 என்று வருவதை அழித்துவிடலாம். இருபது ரூல் இருந்தால் கால்மணி நேரம் பிடிக்கும். ஏப்ரல் மூன்றாவது வாரம் நான் இதைச் செய்து முடித்துவிடுகிறேன். அதற்கப்புறம் கோடை விழா முடியும்வரை தளத்தில் கை வைப்பதில்லை.